உத்தியோகம் தேடிய ராமானுஜன்

உத்தியோகம் தேடுவதைப் போல் சம்பளமில்லாத உத்தியோகம் வேறொன்றில்லை. காலையில் எழுந்ததும் கணினியின் முன் உட்கார்ந்து, ஒரே விண்ணப்பத்தை ஐம்பது கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று மாலையில் மனம் சோர்ந்து போகும் பிள்ளைகள் இன்று எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். தகப்பனார் வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் அவர் பத்திரிகையை மடித்து வைக்கிற சத்தத்திலேயே கேள்வி இருக்கும். தாயாரோ, வருகிறவர்களிடமெல்லாம், "மேலே ஏதோ படித்துக்கொண்டிருக்கிறான்" என்று சமாளித்து அனுப்புவாள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தார். தகப்பனார் துணிக்கடைக் குமாஸ்தா. பிள்ளை உபகாரச் சம்பளத்தை இழந்து, எப். ஏ. பரீக்ஷையிலும் தேறாமல் வீட்டுக்குத் திரும்பியவர். 1909-இல் கல்யாணமும் ஆகிவிட்டது. ஸ்ரீநிவாஸ ராமானுஜன் என்ற பெயரை இன்று உலகம் அறியும். அன்று அவர் வேலையற்ற வாலிபர்களில் ஒருவர், அவ்வளவுதான். அவருடைய கணிதத்தைப் பற்றி எழுதுவதற்குப் பண்டிதர்கள் இருக்கிறார்கள். அவர் வேலை தேடிய விதத்தைச் சற்றுப் பார்ப்போம்.

1910-ஆம் வருஷம் அவர் திருக்கோவிலூருக்குச் சென்று டிபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரைக் கண்டார். ஊரில் எத்தனையோ அதிகாரிகள் இருக்க, அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு: 1907-இல் இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர் அவரே. ராமானுஜன் கேட்டது ஒரு சிறிய குமாஸ்தா வேலை. கையில் கொண்டுபோனது கணக்குகள் நிறைந்த நோட்டுப் புத்தகம். அதைப் புரட்டிப் பார்த்த ஐயருக்கு, இந்த மனிதரைத் தாலுக்கா கச்சேரியில் போட்டு அடைக்க மனம் வரவில்லை. வேலை கொடுக்காமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

கேட்டது கிடைக்கவில்லை, ஆனால் அடுத்த கதவு திறந்தது. கும்பகோணம் காலேஜில் முன்பே பழக்கமான பேராசிரியர் பி. வி. சேஷு ஐயர், நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் அவரை அனுப்பினார். ராவ் முதலில் நம்பவில்லை. பலமுறை சந்தித்துப் பேசிய பிறகே நம்பினார். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து உதவினார். வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ராமானுஜனுக்கு அது பிடிக்கவில்லை. பிறருக்குப் பாரமாயிருக்க விரும்பாமல் மறுபடியும் வேலை தேடினார். அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்துவிட்டு, 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு மனுப் போட்டார்.

அந்த மனு நாலைந்து வாக்கியங்களுக்குள் அடங்கியது. காலி ஸ்தானம் இருப்பதை அறிந்ததாகச் சொல்கிறார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப். ஏ. வரை படித்து மேலே தொடர முடியாமற் போனதையும் சொல்கிறார். அதன் பின் முழு நேரத்தையும் கணிதத்துக்கே செலவிட்டதாகச் சொல்லி, இந்த வேலையைச் சரிவரச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைத் தெரிவிக்கிறார். குறையை மறைக்கவுமில்லை, அதற்காக அழவுமில்லை. நடுவில் விழுந்த வருஷங்களில் என்ன செய்தோம் என்பதற்கு ஒரு விடை வைத்திருந்தார். இன்றைய இளைஞர்கள் நாலு பக்கம் அச்சடித்து, "கடின உழைப்பாளி" என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். பிரஸிடென்ஸி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபார்சும் கூட இருந்தது. மார்ச்சு முதல் தேதி 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை ஆரம்பமாயிற்று.

"எல்லாம் சிபார்சுதானே!" என்பீர்கள். சிபார்சுதான். அந்த நாளில் டிபுடி கலெக்டர் வீட்டு வாசல் எல்லா ஜாதியாருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஆயினும், அவருக்கு உதவியவர்கள் நெருங்கிய பந்துக்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்க சமூகவியல் அறிஞர் மார்க் கிரானவெட்டர் இதே சங்கதியை ஆராய்ந்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டன் நகரை அடுத்த ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேருக்கும் குறைவு. மற்றவர்களெல்லாம் எப்போதாவது சந்திப்பவர்கள், அல்லது வெகு அபூர்வமாகச் சந்திப்பவர்கள். காரணம் எளிது. நம் அத்தை பிள்ளைக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும். பழைய வாத்தியாரோ, இரண்டு வருஷம் முன்னால் படித்து வெளியேறிய மாணவரோ வேறு வட்டத்தில் உலவுகிறார். அவர் காதில் விழுவது நம் காதில் விழாது.

ஆகவே ஐம்பது விண்ணப்பங்களுக்குச் செலவாகும் நேரத்தில் பாதியை, அத்தகைய ஐந்து பேருக்குக் கடிதம் எழுதுவதில் செலவிட்டுப் பாருங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால் அவரால் என்ன செய்ய முடியும்? இன்ன வேலை, இன்ன ஊர், நான் செய்து பார்த்தது இது என்று எழுதி, கால் மணி நேரம் பேச அனுமதி கேட்டால், பெரும்பாலோர் மறுக்கமாட்டார்கள். நோட்டுப் புத்தகத்தையும் மறக்க வேண்டாம்: கணக்கெழுதுபவர் தாம் தயாரித்த ஐந்தொகையையும், நிரல் எழுதுபவர் தாம் எழுதி ஓடவிட்ட நிரலையும் காட்டலாம்.

வேலைக்கு முன்பணம் கேட்பவன் எவனானாலும், அவன் வெள்ளைக் காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தாலும், உடனே எழுந்து வந்துவிடுங்கள். தாயாரின் வளையல் அடகுக் கடைக்குப் போவது இந்த இடத்தில்தான்.

துறைமுக ஆபீஸில் ராமானுஜனுக்கு மேலதிகாரியாக வாய்த்த எஸ். நாராயண ஐயரும் கணிதப் பிரியர். தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் ஆதரித்தார். அந்த மேஜையில் இருந்துகொண்டே கேம்பிரிட்ஜ் பண்டிதர்களுக்கு ராமானுஜன் கடிதங்கள் எழுதினார். இருவர் உதவவில்லை. 1913 ஜனவரியில் மூன்றாமவரான ஹார்டிக்கு எழுதியபோது, தாம் துறைமுக டிரஸ்டில் வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்றுதான் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.