எது சரி என்று யார் சொல்வது?

2020 டிசம்பரில் என் உம்மும்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியசாலைக்குப் போவோம் என்று வாப்பா எவ்வளவோ கெஞ்சியும் அவர் அசையவில்லை. “நான் மௌத்தானா என்னைய எரிச்சிடுவாங்க மகன், நான் வரமாட்டேன்” என்றார். அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் மூன்று நாளில் இறங்கியது. ஆனால் அன்று தரம் எட்டில் படித்த என் மனதில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. ஒரு நாட்டில் எது சரி, எது பிழை என்று சொல்லும் தகுதி யாருக்கு உண்டு?

நடந்ததைச் சற்று மீட்டுவோம். கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி 2020 ஏப்ரல் 11 அன்று வெளியானது. அடக்கினால் நிலத்தடி நீர் மாசடையும் என்று காரணம் கூறப்பட்டது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில் வழிகாட்டியிருந்தது. டிசம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதே மாதம், பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் ஜனாஸாவும் பெற்றோரின் விருப்பத்தை மீறி எரிக்கப்பட்டது.

ஒழுக்கவியலாளரின் பணி இங்கேதான் தொடங்குகிறது. ஆபத்து எவ்வளவு என்பதை விஞ்ஞானி சொல்வார். சட்டம் என்ன என்பதைச் சட்டத்தரணி சொல்வார். மார்க்கக் கடமை என்ன என்பதை ஆலிம் சொல்வார். மூவரும் தேவை. ஆனாலும் சில கேள்விகள் எஞ்சுகின்றன. அந்த ஆபத்துக்கு ஆதாரம் உண்டா? இதைவிடக் குறைவாக நோகடிக்கும் வழி இல்லையா? முடிவின் சுமை யார் தலையில் விழுகிறது? அவர்களிடம் காரணம் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டதா? இந்தக் கேள்விகளை விடாமல் கேட்பவரே ஒழுக்கவியலாளர். அவர் தீர்ப்பு வழங்கும் நீதிபதி அல்லர்.

அன்று இக்கேள்விகளைக் கேட்டவர்கள் பலர். இலங்கையில் பிறந்த வைரஸ் நிபுணர் பேராசிரியர் மலிக் பீரிஸ், அடக்குவதால் தொற்றுப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என விளக்கினார். 2021 பிறந்த நாட்களில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்றது. பொரளை கனத்தை வேலியில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வெள்ளைத் துணி கட்டினார்கள். துணி கட்டியவர்களின் கையில் எந்த அதிகாரமும் இருக்கவில்லை. இருந்தும் மக்களின் மனச்சாட்சி அவர்கள் பக்கம் சாய்ந்தது. பதவி கட்டளையிட முடியும். அறத்தின் குரலுக்கோ உண்மையும் பிறர் வலியை உணரும் மனமும்தான் பலம்.

2021 பெப்ரவரி 25 அன்று புதிய வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. மார்ச் 5 அன்று ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. பின்னர் பிற மதத்தவர் சிலரும் அதே மண்ணில் அடக்கப்பட்டனர். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிந்தவை திரும்பவில்லை.

அன்புத் தோழியரே, பெற்றோரே, அன்று நாம் சிறுபான்மையாக நின்று அழுதோம். நம் வீட்டில், வகுப்பில், ஊரில் நாம் பெரும்பான்மையாக இருந்து முடிவெடுக்கும்போது அதே கேள்விகளை நம்மிடமே கேட்கிறோமா? கேட்காவிட்டால், நம் அன்றைய அழுகை நமக்காக மட்டுமே அழுத அழுகையாகிவிடும்.

உம்மும்மா 2023இல் மௌத்தானார். ஜாவத்தை மையவாடியில் மண் போட்டுவிட்டு வந்த வாப்பா, கையைக் கழுவாமல் வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.