மரபணுக் கைரேகை: பெயர் தெரியாத மய்யித்துக்கு ஒரு சாட்சி

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்து, முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் குடும்பம் குடும்பமாக மாண்டார்கள். அடையாளம் தெரியாத உடல்களைப் புத்துமலையில் அடக்கியபோது கல்லில் பெயர் எழுத வழியில்லை, எண்ணைத்தான் எழுதினார்கள். ஆனால் அடக்கும் முன் டி.என்.ஏ. மாதிரி எடுத்து வைத்தார்கள். உறவினர்களின் இரத்தத்தோடு அதை ஒப்பிட்ட பிறகு பல எண்களுக்குப் பெயர் கிடைத்தது. இது எப்படிச் சாத்தியம் என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்து வைப்பது நல்லது.

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் 99 விழுக்காட்டுக்கும் மேல் எல்லா மனிதருக்கும் ஒன்றுதான். ஆனால் சில இடங்களில் ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரே திக்ரை ஒருவர் 7 தடவையும் இன்னொருவர் 12 தடவையும் ஓதுவது போல, அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள் உண்டு: ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பிள்ளைக்கு 7, 12 என்றும் தாய்க்கு 7, 9 என்றும் இருந்தால், 12 தந்தையிடமிருந்து வந்தது. ஓரிடத்தில் எண் ஒத்துப்போவது பலருக்கும் நேரும். சுமார் 20 இடங்களிலும் ஒத்துப்போவது, உருவொத்த இரட்டையரைத் தவிர வேறு இருவருக்கு அநேகமாக நடக்காது.

இதை 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே இது ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்தது. கானாவிலிருந்து திரும்பிய சிறுவனை, அவன் அந்தத் தாயின் மகனல்ல என்று குடியேற்ற அதிகாரிகள் தடுத்தார்கள். சோதனை அவன் அவளுடைய மகனே என்று காட்டியது. பின்னர் அதே வட்டாரத்தில் இரு சிறுமிகள் கொலையான வழக்கில், ஒரு கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த 17 வயது இளைஞன் நிரபராதி என்று தெரிந்தது. உண்மைக் குற்றவாளி 1988இல் தண்டனை பெற்றான். குற்றவாளியைப் பிடிப்பதற்கு முன்பே, குற்றமற்றவனை இது காப்பாற்றிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. மனைவி மீதுள்ள சந்தேகத்தில் பிள்ளைக்கு இந்தச் சோதனை செய்யத் துணிவோர் இருக்கிறார்கள். நிக்காஹ்வில் பிறந்த பிள்ளையின் நஸபை வெறும் சந்தேகத்தால் அறுக்க மார்க்கம் இடம் தருவதில்லை. நாட்டின் சாட்சியச் சட்டமும் மணவாழ்வில் பிறந்த பிள்ளையைக் கணவனின் பிள்ளை என்றே கொள்கிறது. கேட்டவுடன் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே கூறிவிட்டது. காயம்படுவது பிள்ளையின் மானம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அல்லாஹ் காப்பானாக, விபத்திலோ பேரிடரிலோ உறவினர் காணாமல் போனால், பெற்றோரோ பிள்ளைகளோ முதலில் மாதிரி கொடுக்க முன்வாருங்கள். அவர்களுடையதே தெளிவாக ஒப்பிட உதவும். காணாமல் போனவரின் பல் துலக்கும் பிரஷ், சீப்பு ஆகியவற்றைக் கழுவாமல் எடுத்து வையுங்கள். அடையாளம் உறுதியானால்தான் மய்யித்தை உரியவர்கள் பெற்று அடக்க முடியும். இறப்புச் சான்றிதழும் வாரிசுரிமையும் இத்தாவும் குழப்பமின்றி நடக்கும்.