மியூசிக் அகாடமிக்கு முதல்முறை போகிறீர்களா?

சென்னை மியூசிக் அகாடமி என்றதும் பட்டுப்புடவை, வைரத்தோடு, முதல் வரியிலேயே ராகத்தின் பெயரைச் சொல்லிவிடும் மாமாக்கள் என்று மிரண்டு ஒதுங்குகிறவர்கள் உண்டு. மிரள வேண்டாம். டிசம்பர் 15 வாக்கில் தொடங்கிப் புத்தாண்டு வரை நடக்கும் மார்கழி சீசனில் யார் வேண்டுமானாலும் போகலாம். டி.டி.கே. சாலை முனையில் இருக்கிறது. காரில் போனால், வண்டியை நிறுத்த இடம் தேடுவதற்குள் முதல் பாட்டான வர்ணம் முடிந்துவிடும்.

1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டில் முளைத்த யோசனை இது. 1928-இல் அகாடமி பிறந்தது. இப்போதைய அரங்கம் வந்தது 1962-இல்தான்.

மாலைக் கச்சேரிகளுக்கு டிக்கெட் உண்டு. பெரிய வித்வான் பாடுகிற அன்று அது குதிரைக்கொம்பு. மதியக் கச்சேரிகளுக்கு வழக்கமாகக் கட்டணம் கிடையாது. பாடுகிறவர்கள் இளையவர்கள், கூட்டமும் குறைவு. முதல்முறைக்கு இதுதான் சரி என்பேன். காலையில் நடக்கும் ‘லெக்-டெம்’ எனப்படும் விளக்கவுரைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனால், ராகம் தெரியாததால் குடி முழுகிவிடாது. தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதிப் பாட்டுகள் ஆதி தாளத்தில்தான் இருக்கும். தொடையில் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. மொத்தம் எட்டு. பாடகரின் கையைப் பார்த்தே ஐந்து நிமிஷத்தில் பழகிவிடலாம். பக்கத்து இருக்கைக்காரர் தொடையில் தட்டாமல் இருந்தால் சரி.

இந்த எட்டு எண்ணிக்கை கைகொடுக்கும் இடம் தனி ஆவர்த்தனம். பிரதானப் பாட்டு முடியும் தறுவாயில் பாடகர் நிறுத்திக்கொள்வார். பாட்டும் வயலினும் ஓய்ந்து, மிருதங்கமும் கடமும் மட்டும் பேசும். முதலில் ஆளுக்கு நீளமாக ஒரு சுற்று. பிறகு ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில். பதில்கள் குறுகிக்கொண்டே வரும். கடைசியில் இருவரும் சேர்ந்து கோர்வை எனப்படும் ஒரே தாளக்கட்டை மூன்று முறை வாசிப்பார்கள். அது முடிகிற அதே நொடியில் பாடகர் விட்ட வரியை எடுக்க வேண்டும். உங்கள் கையும் எண்ணிக்கொண்டிருந்தால், அந்த இடம் வரும்போது உடம்பு தானாக நிமிரும். ராகம் தெரிந்த மாமாவுக்கும் அதே சிலிர்ப்புத்தான்.

ஆனால் தனி ஆரம்பித்ததும் பலர் கேண்டீனுக்குக் கிளம்புவார்கள். காலங்காலமாக நடக்கும் அநியாயம் இது. வெளியே போவதானால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் எழுவதுதான் மரியாதை. போன் சத்தம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தனிக்குப் பிறகு துக்கடாக்கள் எனப்படும் சின்னப் பாட்டுகள், கடைசியில் முடிவுப் பாட்டான மங்களம். அதுவரை உட்கார்ந்திருங்கள்.

சீசன் கேண்டீனில் சாப்பிட டிக்கெட் தேவையில்லை. மதியக் கச்சேரியை முழுதாகக் கேட்டுவிட்டு வந்தாலும் காபி சூடாகவே கிடைக்கும்.