ஆலைச் சத்தமும் சொக்சோ மேல்முறையீடும்

செம்பனை ஆலையில் பல ஆண்டுகள் வேலை செய்த ஒருவர் வீட்டில் வானொலியை உரக்க வைக்கச் சொல்கிறார். சமையற்கட்டிலிருந்து மனைவி கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "அப்பாவுக்கு எல்லாம் கேட்கும், கேளாதவர்போல் இருக்கிறார்" என்று பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். நேயர்களே, அவர் நடிக்கவில்லை. காதில் சத்தம் விழுகிறது, சொல்தான் விளங்கவில்லை.

நம் உட்காதில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் இருக்கும் நுண்மயிர் உயிரணுக்கள்தாம் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. பொயிலர் அறையிலும் எஞ்சின் அறையிலும் நாள் முழுதும் நிற்பவருக்கு இவை சிறிது சிறிதாக அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பழுதாவது விநாடிக்கு 4000 அதிர்வை ஒட்டிய கூர்மையான ஒலிகளைக் கேட்கும் பகுதி. ஆகவே குரல் கேட்கும். ஆனால் 'காசு' என்றாலும் 'காது' என்றாலும் ஒன்றுபோல் இருக்கும். இதனோடு இரவில் சில்வண்டு கத்துவதுபோல் ஓயாத இரைச்சலும் சேர்ந்து கொள்கிறது. தூக்கம் கெடுகிறது.

கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாத இடம் என்று கொள்ளலாம். மலேசியாவில் 1989-ஆம் ஆண்டின் விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதித்தன. 2019 ஜூன் முதல் அந்த வரம்பு 85. ஐந்து எண்தானே என்று நினைக்க வேண்டாம். 90 டெசிபலில் காதைத் தாக்கும் ஒலியாற்றல், 85-இல் இருப்பதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! வரம்புக்கு மேற்பட்ட இடத்தில் வேலை செய்வோருக்கு முதலாளி ஆண்டுதோறும் செவிச் சோதனை செய்விக்க வேண்டும். அந்தச் சோதனைத் தாளின் நகலைத் தொழிலாளி கேட்டு வாங்கி வைத்துக் கொள்வது நல்லது. ஏன் என்பதைப் பிறகு சொல்வோம்.

சத்தத்தால் வரும் காது கேளாமை, 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில் நோயாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. கை போனால்தான், கால் போனால்தான் சொக்சோ என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது தவறு. விண்ணப்பம் போனால், மருத்துவர் குழு இது வேலையால் வந்ததா என்று பார்த்து, இழப்பு எத்தனை விழுக்காடு என்று மதிப்பிடும். 20 விழுக்காடு வரை இருந்தால் தொகை ஒரே தடவையில் கிடைக்கும். அதற்கு மேல் போனால், விரும்பினால் ஐந்தில் ஒரு பங்கை முன்கூட்டிப் பெற்றுக் கொண்டு, மீதியை ஆயுள் முழுதும் மாதந்தோறும் பெறலாம். எனவே 19-க்கும் 21-க்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது.

"இது வயதால் வந்தது" என்று பதில் வருவதும் உண்டு. விழுக்காடு குறைவாக வருவதும் உண்டு. அதோடு முடிந்தது என்று பலர் விட்டு விடுகிறார்கள். விட வேண்டியதில்லை. முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவர் குழுவுக்கு எழுதலாம்.

ஆனால் "எனக்குக் கேட்கவில்லை, ஐயா" என்று மட்டும் எழுதினால் போதாது. அது முதல் குழுவுக்கும் தெரிந்ததுதான். இங்கேதான் பழைய சோதனைத் தாள்கள் பேசும். சத்தத்தால் கெட்ட காதின் வரைபடத்தில் பெரும்பாலும் 4000 அதிர்வருகே ஒரு பள்ளம் விழுந்து, அதற்கு மேல் சற்றே ஏறும். முதுமையால் கெட்டதில் கோடு சரிந்து கொண்டே போகும். வயது ஏறியபின் இரண்டும் கலந்து, பள்ளம் மறைந்து விடக்கூடும். நாற்பது வயதில் எடுத்த தாள் அப்போது பெரிய சாட்சி. எந்தப் பகுதியில் எத்தனை ஆண்டு வேலை என்ற விவரமும் வேண்டும். தோட்டம் கைமாறி, ஆலை மூடப்பட்டு, பழைய பதிவுகள் காணாமற்போன இடங்களில் சம்பளச் சீட்டும், உடன் வேலை செய்தவர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமும் உதவும். சங்கக் கிளைச் செயலாளரிடம் காட்டி எழுதுவது இன்னும் நல்லது.

காச நோய்க்கு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் காதைக் கெடுக்கும் மருந்து. மலேரியாவுக்குக் கொய்னா குடித்த நம் பெரியவர்களுக்குக் காது இரைந்ததும் மருந்தின் குணமே. மறைத்தது பின்னால் தெரிய வந்தால், சொன்ன உண்மையையும் சந்தேகிப்பார்கள்.

இரைச்சல் பற்றி ஒரு வார்த்தை. செவிச் சோதனைத் தாளில் அது தெரியாது. சொன்னால்தான் மருத்துவர் குறிப்பில் ஏறும். எப்போது தொடங்கியது, எந்தக் காதில், தூக்கம் எப்படி என்பதை வீட்டார் உடன் போய்ச் சொல்லலாம். சோதனைக்கு முன் பதினான்கு மணி நேரமாவது காதுக்கு ஓய்வு வேண்டும். இரவு வேலை முடிந்த கையோடு போனால், களைத்த காதின் அளவுதான் தாளில் விழும். அதைக் குழு நம்பாது.

முடிவுக் கடிதம் மலாயில் வரும். பெரியவர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்து விடுவார். வீட்டில் படித்த பிள்ளை அதை எடுத்து, தேதியைப் பார்த்து, நாட்காட்டியில் தொண்ணூறாவது நாளைக் குறித்து வைக்கட்டும்.