ஒத்துக்காரர் எங்கே போனார்?

கீழ்வேளூர் கேடிலியப்பர் கோயிலிலோ காவிரி டெல்டாவின் வேறொரு கோயிலிலோ சாமி புறப்பாட்டின்போது மேளக்காரர்களை எண்ணிப் பாருங்கள். நாகஸ்வரம் இருக்கும், தவில் இருக்கும், தாளம் இருக்கும். ஒத்துக்காரர் பெரும்பாலும் இருக்கமாட்டார். விரல் துளையே இல்லாத நீளக் குழலில், மூச்சு அறாமல் ஒரே சுருதியைப் பிடித்து நிற்பது அவர் வேலை. அந்த இடத்தில் இப்போது சுருதிப் பெட்டி.

பெட்டி வந்த கதையில் ஒரு பொறியாளர் இருக்கிறார். பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பணியாற்றிய ஜி. ராஜ் நாராயண். புல்லாங்குழலும் வாசிப்பவர். 1970களின் கடைசியில் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். விமான வேலையை விட்டு ராடெல் நிறுவனத்தை வளர்த்தார். தம்புராவைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிய பாடகர்களுக்கு அது பெரிய உபகாரம். குறை சொல்லவில்லை. ஆனாலும் அப்படி ஒரு மூளை, சர்க்யூட் பக்கம் போகாமல், நாகஸ்வரம் செய்யும் நரசிங்கன்பேட்டைக் கடைசல் பட்டறைக்கு வந்திருந்தால் என்ற நப்பாசை எனக்கு உண்டு.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, திருவிடைமருதூர் வட்டத்தில் இருக்கிறது நரசிங்கன்பேட்டை. பக்கத்து ஊர் திருவாவடுதுறை, நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். முன்பு புழக்கத்தில் இருந்தது திமிரி நாகஸ்வரம். குட்டை, உச்சமான சுருதி. பிள்ளைவாளுக்குத் தணிந்த சுருதி வேண்டியிருந்தது. குழலை நீட்டினால் சுருதி இறங்கிவிடும், அது யாருக்கும் தெரியும். ஆனால் துளைகளின் இடமும் மாற வேண்டுமே! விரலுக்கு எட்டவும் வேண்டும், சுத்த மத்தியமம் இடறாமல் பேசவும் வேண்டும். என்.ஜி.என். ரங்கநாதன் ஆச்சாரி செய்து செய்து பார்த்து அதைத் தீர்த்தார். இன்று மேடையில் கேட்கும் பாரி நாகஸ்வரம் அப்படி வந்ததுதான்.

இதில் உள்ள இயற்பியலை ஆச்சாரிகள் சமன்பாடாக எழுதவில்லை, மரத்தில் குடைந்தார்கள். உலவு எனப்படும் குழலின் உட்குடைவு மேலே குறுகிக் கீழே விரிகிறது. கூம்பாக இருப்பதால்தான் காற்றை அழுத்தினால் சுரம் அச்சாக மேல் ஸ்தாயிக்குப் போகிறது. உள்ளே ஒரே அகலமாகக் குடைந்திருந்தால், கிளாரினெட் மாதிரி, மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவிவிடும். பன்னிரண்டு துளைகளில் விரலுக்கு ஏழுதான். மற்றவை சுருதியைச் சரிக்கட்ட. வாசிப்பவர் அவற்றில் மெழுகை அப்பியும் சுரண்டியும் தன் வழிக்குக் கொண்டுவருவார்.

2022இல் நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரை இனி வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, நல்லதுதான். மரத்துக்கு அந்தக் குறியீடு ஒன்றும் செய்யாது. குழலுக்கு ஆச்சா மரம் வேண்டும்; அதுவும் புதிதாக வெட்டியது உதவாது, ஈரம் வற்றும்போது கோணிக்கொள்ளும், வெடிக்கும். பல பத்தாண்டுகள் தூணாகவும் உத்தரமாகவும் நின்று காய்ந்த கட்டையைத்தான் தேடுகிறார்கள், பழைய வீடு இடிக்கும் இடங்களில். டெல்டாவில் ஓட்டு வீடுகள் போய்க் கான்கிரீட் வந்துகொண்டிருக்கிறது. ஓட்டு வீடுகள் இடிபட்டுத் தீரும்வரை கட்டை கிடைக்கும். அதற்குப் பிறகு கான்கிரீட்டை இடித்தால் கம்பிதான் வரும். ஆராய்ச்சிக்கூடத்தை விட்டுக் குழல் செய்ய வருகிற ஆள் எவராவது இருந்தால், புதுமரத்தைக் கோணாமல் பதப்படுத்தும் வழியிலிருந்து தொடங்கலாம்.