சூல்வித்தகமும் ஆய்வுகூட இழைய வளர்ப்பும்

யாழ்ப்பாணக் கிராமங்களிலே பசு ஈன்றபின் விழும் இளங்கொடியைச் சாக்கிற் பொதிந்து ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. மனிதரில் இவ்வுறுப்பை நஞ்சுக்கொடி என்பர். எமது பாடநூல்கள் சூல்வித்தகம் எனக் குறிப்பிடும். தொழிலில் ஒத்தனவாயினும் அமைப்பில் இவை பெரிதும் வேறுபட்டவை. பசுவின் சூல்வித்தகம் கருப்பைச் சுவரிற் பல தனித்தனி இடங்களிற் பொருந்தி நிற்குமேயன்றி அதனை ஊடுருவிச் செல்வதில்லை. மனிதச் சூல்வித்தகமோ சுவரினுட் புகுந்து தாயின் குருதிக்குழாய்களையே மாற்றியமைக்கின்றது. விலங்குகளைக் கொண்டு மனிதச் சூல்வித்தகத்தை முற்றாக விளங்கிக்கொள்ள இயலாமைக்கு இவ்வேறுபாடு ஒரு முதன்மைக் காரணமாகும்.

பிரசவ வேளையில் ஏறத்தாழ அரைக் கிலோகிராம் நிறையுடைய இவ்வுறுப்பு, சிசுவுக்குச் சுவாசப்பையாகவும் சிறுநீரகமாகவும் ஓமோன் சுரப்பியாகவும் தொழிற்படுகின்றது. முதல் மாதங்களில் இதன் ஊடுருவல் குறைவுபடின், 20 வாரங்களின் பின் தாயின் குருதியமுக்கம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். முற்றின் வலிப்பும் மரணமும் நேரலாம். நோய் வெளிப்படும்போது அதன் தோற்றுவாய் மாதக்கணக்கிற் பின்தங்கிவிடுகின்றது. மேலும், 1957இல் விற்பனைக்கு வந்து 1961இல் மீளப்பெறப்பட்ட தலிடோமைட்டு மருந்து, 10,000க்கு மேற்பட்ட குழந்தைகளை ஊனமாக்கியது. சூல்வித்தகம் நச்சுக்களைத் தடுக்கும் மதில் என்ற எண்ணம் அத்துடன் தகர்ந்தது.

எனவே, கருவுற்ற பெண்ணைப் பரிசோதனைப் பொருளாக்காது ஆராயும் வழி வேண்டப்பட்டது. 1968 முதல் பயன்பட்ட கலவகை புற்றுநோயிலிருந்து பெறப்பட்டதாகையால், இயல்பான கலத்தின் நடத்தையை அது முழுமையாகக் காட்டவில்லை. 2018இல் கேம்பிரிட்ஜில் மார்கெரீற்றா தூர்க்கோ, ஆஷ்லி மொஃபெற் ஆகியோரை உள்ளடக்கிய குழுவினரும், தனியாக வியன்னா ஆய்வாளரும் புதுவழி கண்டனர். ஆரம்பகாலச் சூல்வித்தகத்தின் சடைமுளைகளிலிருந்து மூலக்கலங்களைப் பிரித்து, கூழ்போன்ற ஊடகத்தில் வளர்ச்சிக் காரணிகளுடன் இட்டபோது, அவை தாமாகவே ஒழுங்குபட்டு முப்பரிமாண இழைய உருண்டைகளாயின. இவை சுரந்த ஓமோன், வீட்டிற் செய்யும் கர்ப்பப் பரிசோதனையிலேயே நேர்விளைவைக் காட்டிற்று.

எனினும் இவற்றிற்குக் குறைகள் உள. குருதிக்குழாய்களோ தாயின் குருதியோட்டமோ இவற்றில் இல்லை. உடலிலே தாயின் குருதியைத் தொடும் புறப்படை, இவ்வுருண்டைகளில் உட்புறமாக அமைந்துவிடுகின்றது.

மூலப்பொருள் பற்றிய வினாவும் எழுகின்றது. ஆரம்பகால இழையம், கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்கள் சம்மதித்து வழங்கியதாகும். இலங்கையிலோ தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்புச் சட்டவிரோதமானது. ஆயின் 2022இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் நிறைமாதச் சூல்வித்தகத்திலிருந்தும் இத்தகைய உருண்டைகளை வளர்த்துக் காட்டினர். பிரசவ விடுதிகளில் கழிவாக அகற்றப்படும் பொருளே ஆய்வுக்கு மூலமாகலாம் என்பது எமக்கு முக்கியமானது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மகப்பேற்று நூலையும் தமிழாக்கினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தோன்றியது. சூல்வித்தகத்தை வழங்குமாறு ஒரு தாயிடம் கேட்பதாயின், எதற்காக, யார் பயனுக்காக என்பதை அவள் மொழியில் விளக்குதல் ஆய்வாளரின் கடமையாகும். விளங்காது இடும் கையொப்பம் சம்மதமாகாது. அவ்வகையில் தமிழ்க் கலைச்சொல்லாக்கம் மொழிப்பற்றின் பாற்பட்டது மட்டுமன்று. பெண்ணின் உரிமையின் பாற்பட்டதுமாகும்.