கடைக்குட்டிக்கு ஒரு கோடை கவுன்

சித்திரை பிறந்ததும் என் ஏழு வயதுக் கடைக்குட்டிக்கு ஒரு காட்டன் கவுன் தைத்தேன். பேப்பர் பேட்டர்ன் அளவு பிசகாமல்தான் வெட்டினேன். ஒரே துவையலில் சுருங்கிப் போச்சு! கைக்குழி இறுக்கி, அக்குளைச் சுற்றி வேர்க்குரு. ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு அழுதாள். "இந்தக் கவுன் வேணாம்மா" என்றபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

அடுத்த கவுனுக்குத் துணியை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுத்தேன். பேட்டர்னைப் பழைய செய்தித்தாளில் வரைந்து, பக்கத் தையல் ஓரத்தில் அரை அங்குலம் கூட்டிக்கொண்டேன். முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் சேர்ந்து சுற்றளவில் 2 அங்குலம் கிடைத்துவிடுகிறது. கைக்குழியையும் அரை அங்குலம் இறக்கினேன். அதற்கு மேல் இறக்கிவிடாதீர்கள் சகோதரிகளே, ஷிம்மீஸ் எட்டிப் பார்க்கும்.

கையும் காலரும் வைக்கவில்லை. கழுத்துக்கும் கைக்குழிக்கும் அதே துணியில் கிராஸ் பீஸ் வெட்டி, உள்பக்கம் மடித்துத் தைத்தேன். லேஸ் வைக்க மனசு துடிக்கும்தான். நைலான் லேஸ் குத்தும், வேண்டவே வேண்டாம். கீழே 3 அங்குலம் மடித்திருக்கிறேன், அடுத்த வருஷம் பிரித்துவிடலாம்.

அவள் ஆசைக்கு ஒரு பை வைத்தேன். இப்போது துவைக்கும் முன் புளியங்கொட்டைகளைப் பொறுக்கி எடுப்பது என் வேலை!